முகத்தில் விழாத முத்திரை

ஓட்டப்பிடாரத்தில் அப்போது தபால் ஆபீஸ் ஓர் ஓட்டு வீட்டின் முன்கட்டில் இருந்தது. திண்ணையில் நின்றாலே உருகிய அரக்கும் கோந்தும் கலந்த வாசம் வரும். சுற்றிலும் கரிசல். புரட்டாசி உழவுக்கு மண் புரண்டால் அந்த வாசமும் சேர்ந்துகொள்ளும். தூத்துக்குடி பஸ்ஸிலிருந்து தபால் பை இறங்கும்வரை பையன்கள் நாலைந்து பேர் அந்தத் திண்ணையே கதியென்று கிடப்போம்.

1972, வ.உ.சி. பிறந்து நூறு வருஷம். எங்கள் ஊர் மண்ணில் பிறந்தவர் என்று செப்டம்பர் 5 அன்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு அதைவிட நினைவில் நிற்பது அவருடைய ஸ்டாம்பு ஊருக்கு வந்த நாள். போஸ்ட் மாஸ்டர் ஐயா ஷீட்டைப் பிரித்து மேசைமேல் விரித்தார். ஒரே முகம், வரிசை வரிசையாக. மணியார்டர் அனுப்ப வந்தவர்கள்கூடக் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அந்த மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஐயா தம்முடைய ஸ்டாம்புகள் சிலவற்றை வைத்திருந்தார். 1948 சுதந்திர தினத்தில் வந்த காந்தி ஸ்டாம்பு, ஒன்றரையணா. நாகரியிலும் உருதுவிலும் 'பாபு' என்று எழுதியிருக்கும். சுவிட்சர்லாந்தில் அச்சானதாம். கதர் நூற்றவர் படத்தை நம் நாசிக் அச்சகத்திலேயே அடித்திருக்கலாமே என்று அவருக்குத் தீராத வருத்தம். பக்கத்தில் 1956இன் திலகர், 1960இன் பாரதி. திலகரைத்தான் வ.உ.சி. தம் அரசியல் குருவாகக் கொண்டிருந்தார். குரு கண்ணாடிக்கு அடியிலும் சீடர் மேசைமேலுமாக அன்று இருந்தார்கள்.

எங்களுக்கு ஐயா சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் மனசை விட்டுப் போகவில்லை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது பங்கு சேர்க்க ஊர் ஊராகக் கடிதம் போயிருக்கும் அல்லவா? அத்தனையும் ஏழாம் எட்வர்டின் தலையை ஒட்டித்தான் போயிருக்க வேண்டும். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டவருக்குக்கூடக் கடிதம் போட அவன் ராஜாவின் தலைதான் வேண்டியிருந்தது. 1908இல் அந்த ராஜாவின் கோர்ட்டு அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. சிறையில் செக்கிழுத்தார். பிறகு தண்டனை குறைந்து 1912இல் வெளியே வந்தார். அதற்குள் கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. நமக்குத் தபால் 'தலை' என்றே பெயர். ராஜா தலை இருந்த அதே மூலையில் எங்கள் ஊர்க்காரர் தலை வந்து உட்கார்ந்ததை அந்த வயதில் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. உடம்பு சிலிர்த்தது மட்டும் நிஜம்.

ஒரு ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். மதுரையில் வேலையிலிருந்த அப்பாவுக்கு ஆச்சி சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. உறையில் ஒட்ட, வழக்கம்போல் நாக்கை நீட்டினேன். ஆச்சி கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏல, செக்கிழுத்த மனுசன் முதுகுலயா எச்சியத் தடவுத? தண்ணியத் தொட்டு ஒட்டு."

கல்யாணமான புதிதில் ஆச்சி தூத்துக்குடியில் இருந்தவள். தம் கடைசிக் காலத்தை அங்கே கழித்த வ.உ.சி.யைத் தெருவில் பார்த்திருக்கிறாள். அந்த ஸ்டாம்பைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு செம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை விரலில் எடுத்து, அவளே தடவி, முந்தானை நுனியால் ஒற்றி ஒட்டினாள். பக்கத்தில் ஐந்து பைசா அகதி நிவாரண ஸ்டாம்பு. வங்காளத்துச் சண்டையில் ஓடிவந்த ஜனங்களுக்காக அந்தச் சமயம் எல்லாக் கடிதத்திலும் அதையும் ஒட்ட வேண்டும். அதை ஒட்டுவதை என்னிடம் விட்டாள்.

தபால் ஆபீஸில் ஐயா உறையை வாங்கிப் பார்த்தார். முத்திரைக் கட்டையை மையில் ஒற்றினார். மற்றக் கடிதங்களுக்கு டப் டப்பென்று விழுகிற கை அன்று நிதானித்தது. ஸ்டாம்பில் முத்திரை விழாமல் விட முடியாது, அது சட்டம். உறையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, ஓரமாகப் பார்த்து ஒரே அழுத்து.

தீபாவளிக்கு வந்தபோது அப்பா அந்த உறையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். இப்போதும் இருக்கிறது. வட்ட முத்திரையில் கால்வாசிதான் ஸ்டாம்பின் கீழ் மூலையில் விழுந்திருக்கிறது. மிச்ச வட்டமும் ஊர்ப் பெயரும் உறையின் வெள்ளையில். முகத்தில் ஒரு பொட்டு மை இல்லை.