உப்பு எங்கே போகிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கிராமங்களில் கிணறும் போர்வெல்லும் உப்புக் கரிக்கத் தொடங்கினால், கொஞ்ச நாளில் ஒரு கருவியும் விற்பனைக்கு வந்துவிடும். காந்தக் கருவி. போர்வெல் குழாயின் மேல் வளையம்போல் மாட்டினால் போதும், உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும் என்பார் விற்பவர். மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், ஒரு தடவை செலவுதான். கண்ணெதிரே பயிர் கருகும்போது இந்தப் பேச்சு காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும்.

கோவளத்தில் அரை ஏக்கரில் கத்தரியும் கீரையும் போடும் பெரியவர் ஒருவரிடமும் இந்தக் கருவி வந்தது. அவருடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். விற்பவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்பா தம்பி, தண்ணியில இருக்கிற உப்பு அப்புறம் எங்க போவுது?"

"காந்தம் பட்டதும் உப்பு உடைஞ்சிடும்யா."

"உடைஞ்சா என்ன, தூளா இருந்தாலும் உப்பு உப்புதானே?"

பாத்தியில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு அங்கேயே தங்கும். உப்பளத்துக்காரருக்கு இது பால பாடம். அவருடைய கேள்விக்கு மின்னூட்டம், மின்புலம், காந்தம் மூன்றும் தரும் விடையைப் பார்ப்போம்.

முதலில் மின்னூட்டம். சமையல் உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. தண்ணீரில் போட்ட உடனேயே அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. சோடியம் நேர் மின்னூட்டத்தோடும் குளோரைடு எதிர் மின்னூட்டத்தோடும் தனித்தனி அயனிகளாக நீந்துகின்றன. 1880-களில் ஸ்வீடன் அறிஞர் அரீனியஸ் விளக்கிச் சொன்ன உண்மை இது. 1903-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, காந்தம் வந்து உடைப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. உடைந்த அந்த அயனிகள்தான் வேரைத் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுக்கின்றன. இலை ஓரத்தைக் கருக்குகின்றன.

அடுத்து மின்புலம். ஒரு மின்கலத்தின் இரு முனைகளிலிருந்து இரண்டு தகடுகளை உப்புத் தண்ணீரில் இறக்கினால், நேர் அயனிகள் எதிர்த் தகட்டை நோக்கியும், எதிர் அயனிகள் நேர்த் தகட்டை நோக்கியும் நகரும். அந்த நகர்வுதான் மின்னோட்டம். உப்பு கூடக்கூட ஓட்டமும் கூடும். மண், நீர்ப் பரிசோதனை அறிக்கையில் 'மின் கடத்தும் திறன்' என்று போட்டிருப்பது இந்த அளவைத்தான். சுருக்கமாக ஈ.சி. என்பார்கள், அலகு டெசிசீமன்ஸ். பாசன நீரில் 0.7-க்குள் இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆபத்து. கடல் நீர் ஏறத்தாழ 50.

ஈ.சி. 3 உள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் உப்பு இருக்கும். ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டினால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். அதாவது ஒரு பாசனத்துக்கு 400 கிலோ உப்பு, 50 கிலோ மூட்டையில் எட்டு மூட்டை, நிலத்தில் இறங்குகிறது. இத்தனை உப்பையும் குழாயில் மாட்டிய ஒரு வளையம் நீக்குகிறது என்றால், அது எங்கேயாவது குவிந்து கிடக்க வேண்டும் அல்லவா?

காந்தம் இரும்பை இழுக்கும், உப்பை இழுக்காது. தட்டில் உப்பைக் கொட்டிக் காந்தத்தைக் காட்டினாலே தெரிந்துவிடும். ஆனால் ஓடும் மின்னூட்டத்தைக் காந்தம் பக்கவாட்டில் தள்ளும் என்பது உண்மை. குழாயில் நீர் ஓடும்போது நேர் அயனிகள் ஒரு பக்கமும் எதிர் அயனிகள் மறுபக்கமும் ஒதுங்கப் பார்க்கும். அந்த விசை எவ்வளவு? 2 அங்குலக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீருக்கு 0.1 டெஸ்லா காந்தம் வைத்தால், இரு பக்கங்களுக்கும் இடையே உண்டாவது 5 மில்லிவோல்ட். டார்ச் லைட் பேட்டரி ஒன்றின் 1.5 வோல்ட்டில் முந்நூறில் ஒரு பங்கு. காந்தத்தைத் தாண்டியதும் அதுவும் மறைந்துவிடும். குழாயில் ஓடும் நீரின் அளவைக் காட்டும் மின்காந்த மீட்டர்கள் இந்தச் சிறு வோல்ட்டேஜைத்தான் பயன்படுத்துகின்றன. நீரை அளக்க இது போதும். உப்பைப் பிரிக்கப் போதாது.

உப்பை உண்மையிலேயே பிரிக்கும் இடம் கோவளத்துக்குத் தெற்கே, நெம்மேலியில் இருக்கிறது. 2013-ல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது. அங்கே பெரும் அழுத்தத்தில் சவ்வு வழியாகக் கடல்நீர் செலுத்தப்படுகிறது. பிரிந்த உப்பு அடர்ந்த உப்புநீராகத் தனி வழியில் வெளியேறுகிறது. பெரியவரின் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது.

காந்தம் மாட்டிய பின் தண்ணீர் நன்றாகிவிட்டது என்று சிலர் சத்தியம் செய்வதும் உண்டு. கோடையில் மாட்டியிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு ஊறி உப்பு குறைந்திருக்கும். பெயர் காந்தத்துக்குப் போய்விடும்.

அந்தப் பணத்தில் செய்ய வேண்டியவை வேறு. கடலோர மணலில் நல்ல நீர், கனமான உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் என்பது பொதுவான கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உப்பு நீர் அந்த 40 அடியும் ஏறும். ஆகவே ஆழமாக போர் போடுவதைவிட மேலோட்டமான கிணறே நல்லது. ஒரேயடியாக இறைக்காமல் விட்டுவிட்டு, சிறிய மோட்டாரால் இறைக்க வேண்டும். மழைநீரைக் கிணற்றருகே இறக்க வேண்டும்.

நிலத்துக்கும் மின்னூட்டக் கணக்கு உண்டு. களிமண் துகள்கள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. களர் நிலத்தில் அவற்றைச் சோடியம் பிடித்துக்கொண்டு மண்ணைச் சேறாக்கிவிடும். ஜிப்சம் இட்டால், இரட்டை மின்னூட்டமுள்ள கால்சியம் வந்து சோடியத்தை வெளியேற்றும். பிறகு நல்ல நீரால் அதை அலசி வடிக்க வேண்டும். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டாம், அலசலும் வடிகாலும் போதும். எது எந்த நிலம் என்று மண் பரிசோதனை சொல்லும். பீன்ஸ், வெங்காயம் உப்பைத் தாங்காது. பீட்ரூட், தென்னை, சப்போட்டா ஓரளவு தாங்கும்.

இனி யாராவது காந்தத்தோடு வந்தால் வாக்குவாதம் வேண்டாம். கருவிக்கு முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, இரண்டின் ஈ.சி.யையும் பரிசோதனை நிலையத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால், உப்பு எங்கேயும் போகவில்லை. பணம்தான் போயிருக்கும்.