தூரிகையும் சுத்தியலும் சேர்ந்த திருமுகம்

போலந்து நாட்டின் யாஸ்னா கூரா குன்றில் வீற்றிருக்கும் செஸ்டகோவா அன்னையின் திருவுருவைப் படத்தில் காணும் நம்மவர் பலர், அது சிலையோ ஓவியமோ என ஐயுறுவர். ஐயம் நியாயமானதே. முகமும் கைகளும் மரப்பலகையின்மீது தூரிகையால் தீட்டப்பெற்றவை. மேனியைப் போர்த்தியிருப்பதோ பொன்னும் மணியும் புடைத்து நிற்கும் ஆடை. பின்புலத்திலோ செதுக்குவேலை அமைந்த வெள்ளித் தகடுகள். ஓவியனும் பொற்கொல்லனும் ஒரே உருவில் பணிபுரிந்திருக்கின்றனர்.

14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவுலின் துறவியரிடம் வந்துசேர்ந்த இப்படத்தை 1430-இல் கொள்ளையர் சிதைத்தனர். அணிகளைப் பறித்தனர்; பலகையை உடைத்தனர்; திருமுகத்தையும் வெட்டினர். கிராக்கோ நகரில் படம் புதுப்பிக்கப்பெற்றபோதும், வலக் கன்னத்தில் அத்தழும்புகள் இடம்பெற்றன. காயத்தை மறைக்கும் திறமை அரண்மனைக் கலைஞருக்கு இல்லாமற் போகவில்லை என்றே எண்ணுகிறோம்.

ஆடை சாத்தும் வழக்கம் 17-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. மக்கள் காணிக்கையாக ஈந்த நகைகளை உருக்காமல், பதக்கத்தைப் பதக்கமாகவே துணியில் தைத்தனர். 1717-இல் திருத்தந்தை 11-ஆம் கிளெமெண்ட் அனுப்பிய முடிகள் சூட்டப்பெற்றன. 1909-இல் அவற்றைத் திருடர் கவர்ந்து செல்லவே, மறு ஆண்டே புனித பத்தாம் பத்திநாதர் புதிய முடிகளை வழங்கினார்.

நம் நெஞ்சை மிகவும் தொட்டது 2010-இல் அமைந்த ஆடை. அவ்வாண்டு ஏப்ரல் 10 அன்று இரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் அருகே விமானம் வீழ்ந்து, போலந்துக் குடியரசுத் தலைவர் உட்பட 96 பேர் மாண்டனர். அவ்விமானத்தின் சிறு துண்டொன்றை அவ்வாடையில் பதித்தனர். பொன்னுக்கு அருகே நொறுங்கிய உலோகம்! அழுதவர் கண்ணீருக்கும் அன்னையின் மேனியில் ஓர் இடம்.

‘இத்துணைப் பொன் ஏழைகளுக்கு ஆகாதா?’ என நம் இளைஞர் வினவுகின்றனர். வேளாங்கண்ணி அன்னைக்குச் சேலை சாத்தி மகிழும் நாமும் அவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. பெருமைக்காக ஏற்றப்படும் பொன் வேறு. வீட்டின் துயரத்தையோ நன்றியையோ சுமந்து வரும் ஒரு மோதிரம் வேறு. முன்னதைப் பசித்தோர்க்குத் திருப்பிவிடுதலே அன்னைக்கு உகந்தது. பின்னதைத் தடுக்க நமக்கு மனம் வரவில்லை.

செஸ்டகோவா அன்னையின் ஆடைகளை மாற்றி மாற்றிச் சாத்துகின்றனர். எந்த ஆடையானாலும் முகத்தின்மீது தகடு ஏறுவதில்லை. தழும்புகள் திறந்தே இருக்கின்றன.