தம்பிக்கு, அந்த வீட்டைப் பற்றி

பெண்ணாடம்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் மாமாவுக்கு மழையோடு முட்டிவலி கூடியிருக்கிறது, வேறு குறையில்லை. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு டூட்டி வந்துவிடுகிறது. வீட்டு விஷயத்தை அப்படி அரைகுறையாகப் பேசக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. படித்து முடிக்கிறவரை அட்வான்ஸ் என்று யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதே.

கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைப் பார்த்தேன். சித்திரை லீவில் நீ பார்த்தது காய்ந்த வீடு. நம் கடலூர் மாவட்டத்துக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டுகிறது. இந்த மாதங்களில் பார்க்காத வீட்டைப் பார்த்ததாகவே கணக்கில் வைக்கக்கூடாது.

கூடத்து மேற்குச் சுவரிலும் உள்ளறையிலும் இடுப்பளவுக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்களே, துடைக்க வசதி என்று தரகர் உன்னிடம் சொன்னது, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து உப்புப் பூத்திருக்கிறது. புதிதாகப் பட்டி பார்த்து அடித்த பெயிண்ட். விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. கொத்தனார் கரண்டிப் பிடியால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் உள்ளே பிடிப்பில்லாமல் பொள்ளலாகச் சத்தம் கேட்டது.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலையிலேயே என் காலம் போனது உனக்குத் தெரியும். முதல் சூட்டில் வெந்து வருகிற பிஸ்கட் ஓட்டை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். உள்ளே அத்தனை நுண்துளை, ஈரத்தைக் கண்டால் இழுத்துவிடும். அதன்மேல் கிளேஸ் கொடுத்து மறுபடி சூளையில் வைத்து எடுத்தால்தான் தண்ணீர் இறங்காது. செங்கலும் கிளேஸ் பூசாத ஓடுதான். தரை ஈரத்தைச் செங்கலும் கலவையும் சேர்ந்து மேலே இழுக்கும். சாதாரணப் பூச்சாக இருந்தால் ஏறிய ஈரம் அங்கங்கே காற்றில் போய்விடும். டைல்ஸ் ஒட்டி அந்த வழியை அடைத்துவிட்டால் டைல்ஸ் முடிகிற இடம் வரை ஏறி, அதற்கு மேலே வெளியேறும். மண்ணில் இருக்கிற உப்பும் கூடவே வரும். தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு பூச்சுக்குள்ளேயே தங்கி, கெட்டிப்பட்டுப் பருத்து, பூச்சைத் தள்ளும். அவர்கள் மறைக்க ஒட்டிய டைல்ஸே ஈரத்தை மேலே அனுப்பிவிட்டது. எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு இதே கதைதான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். அதற்கு வாசலுக்கு வந்தால் போதும். அந்த வீடு கட்டின காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போவோம், நீயும் அந்தப் படியில் உட்கார்ந்து விளையாடியிருக்கிறாய். இப்போது தெருவிலிருந்து ஒரு படி கீழே இறங்க வேண்டியிருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதால் வந்த வினை. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு அனுப்பினார். ஏற்கெனவே உயர்ந்துவிட்ட தெருவை அந்த உத்தரவு இறக்கிவிடாதே. அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் இருக்க ஒரு அடுக்குக் காங்கிரீட் போடுவார்கள், கொத்தனார்கள் டி.பி.சி. என்பார்கள். அந்த அடுக்கு இப்போது தெரு மண்ணுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. மண் அதற்கு மேலேயே சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அது எதைத் தடுக்கும்? போதாததற்கு மழைத்தண்ணீர் முழுவதும் தெருவிலிருந்து இந்தச் சுவரடிக்குத்தான் சரிகிறது.

நம் ஊருக்குத் தண்ணீர் பயம் புதிதில்லையே. பிரளயகாலேஸ்வரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து இருப்பதற்குப் பிரளய வெள்ளத்தைத் தடுக்கத் திரும்பியது என்றுதானே கதை சொல்வார்கள். வெள்ளாற்றங்கரையில் குடியிருந்த பெரியவர்கள் திண்ணையை அத்தனை உயரமாகக் கட்டியது காரணத்தோடுதான். அந்த உயரத்தை நாமே ரோடு போட்டுப் போட்டுத் தின்றுவிட்டோம். இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மற்ற இரண்டு கசிவுகளைப் பற்றி நீ பயப்பட வேண்டாம். குளியலறைக்குப் பின்சுவரில் குழாய் இணைப்பில் கசிகிறது, உடைத்துப் பார்த்து மாற்றிவிடலாம். மாடியில் தட்டோடுகளுக்கு நடுவே சாந்து போய், கைப்பிடிச்சுவர் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது, மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் இலைதழை அடைத்துக் குட்டை கட்டி நிற்கிறது. அதுவும் வைத்தியம் உள்ள வியாதிதான். ஆனால் சமையலறை மேல்தளத்தின் அடியில் ஒரு முழ நீளத்துக்குக் காங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. துருப்பிடித்த கம்பி தன் பழைய பருமனில் நிற்காது, ஊதும். ஊதினால் சுற்றியிருக்கிற காங்கிரீட்டைப் பிளக்கும், பிளவு வழியாக இன்னும் தண்ணீர் இறங்கும். இதைப் பூசி மூட விடக்கூடாது. உதிர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு இன்ஜினியர் கண்ணால் பார்க்க வேண்டும். மாடியில் கரை கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்கவும் சம்மதம் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

உள்ளறை பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அந்த அறையைத்தான் நீ பிள்ளைகளுக்கு என்று சொன்னாய். சின்னவனுக்கு வீசிங் இருக்கிறது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டிருக்கிறதாம், நர்ஸ் வேலையில் இருக்கிற உன் மருமகள் சொன்னாள். சுவர் காய்கிறவரை அந்த அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பேங்க் ஆள் வந்து மதிப்புப் போட்டுவிட்டார், அதனால் வீடு நன்றாகத்தான் இருக்கும் என்று நீ சொன்னாய். கடனுக்கு ஈடாக எவ்வளவு பெறும் என்பதுதான் அவர்கள் பார்க்கிற வேலை. வில்லங்கச் சான்றும் அப்படித்தான், பத்திரத்தில் உள்ள வில்லங்கம் அதில் தெரியும், சுவரில் உள்ளது தெரியாது.

வக்கீலிடமும் கேட்டேன். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55ஆம் பிரிவு இருக்கிறது. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத பெரிய குறை சொத்தில் இருந்து, அது விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால் அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. ஆனால் நாம் இப்போது பார்த்துவிட்டோம். பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு பத்திரம் முடித்துவிட்டு, பின்னால் ஏமாற்றினார் என்று நிற்க முடியாது. ரெரா சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு 5 வருஷப் பொறுப்பு இருப்பது புதிதாகக் கட்டி விற்கிற பில்டருக்குத்தான், இந்தப் பழைய வீட்டுக்கு அது உதவாது. ஆகையால் பேச வேண்டியதெல்லாம் கிரய ஒப்பந்தத்துக்கு முன்னால் பேசி, அதில் எழுத்தாக வர வேண்டும். 2012 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும், வெள்ளைப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் கேட்காதே.

நீ பக்கத்துத் தெருவில் வந்து குடியிருக்க வேண்டும் என்பது அம்மா போனதிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே ஆசை. அந்த ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். வீட்டை விட வேண்டாம், அவர் சொல்கிற விலைக்கு வாங்கவும் வேண்டாம். தரையை உயர்த்தி, வெளிச்சுவரடி மண்ணை வெட்டி எடுத்து, தெருத்தண்ணீருக்கு வாய்க்கால் கட்டி, டைல்ஸை உரித்து, உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டுப் பூச வேண்டும். தரை உயர்ந்தால் உள்ளே தலைக்கு மேலே உயரம் குறையும், நிலைவாசலையும் மாற்ற வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள் என்று மாமா சொல்கிறார். கம்பி ஊதிய மேல்தளத்தை வைத்துக்கொண்டு அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொத்தனார் வேலை வாரியாகச் செலவு எழுதித் தருகிறார். அந்தச் சீட்டை வீட்டுக்காரர் முன்னால் வைத்து, முழுத் தொகையையும் விலையில் கழிக்கச் சொல்வோம். மாடியில் தண்ணீர் கட்டிப் பார்க்கவும் கம்பியைச் சோதிக்கவும் சம்மதிக்கவில்லை என்றால் நமக்கு அந்த வீடு வேண்டாம். ஈரத்தைவிட, பெயிண்டும் டைல்ஸும் போட்டு அதை மறைத்ததுதான் என் மனதை உறுத்துகிறது. மறைத்தவர் இன்னொன்றையும் மறைத்திருக்கலாம்.

அவர் சம்மதித்த பிறகு பவர் பத்திரம் எழுதினால் போதும். நீ இருக்கிற மஸ்கட்டில் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும், அதனால் முன்கூட்டியே எழுதி வைக்காதே. செலவுச் சீட்டு கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உன் வீட்டுக்காரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுக் கூப்பிடு. குறைக்கச் சொல்கிற தொகையை நீ வாயால் சொன்ன பிறகுதான் நான் வீட்டுக்காரரிடம் போவேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா