காசிக்கு எந்த வழி?

காசிக்குப் போவதென்று தீர்மானிப்பது சுலபம். எப்படிப் போவது என்று தீர்மானிக்கும்போதுதான் குடும்பங்களில் கட்சிகள் தோன்றுகின்றன. நமது வீட்டில் 2025 ஆவணி மாதம் முழுவதும் இரண்டு கட்சிகள் நடைபெற்றன. ஒன்று ஆகாய விமானக் கட்சி. மற்றொன்று மோட்டார்க் கட்சி. முதற் கட்சிக்கு நமது புதல்வி தலைவி. இரண்டாவது கட்சிக்கு எழுபத்தாறு வயதான நமது தாயார். சிறியவர்கள் அவசரக்காரர்கள், பெரியவர்கள் நிதானஸ்தர்கள் என்பது உலக வழக்கந்தானே!

ரயில் எங்கே போயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். ரயிலைத்தான் முதலில் நினைத்தோம். ஆனால் நாம் நினைத்த சமயத்தில் காத்திருப்போர் பட்டியலில் நமக்கு முன்னால் ஒரு சிறிய கிராமமே நின்றது. ஆகையால் அந்த யோசனை அன்றே முடிந்தது.

காலம் எது என்பதிலும் சங்கடம் உண்டு. பள்ளிக்கூட ஆசிரியனுக்கு வருஷத்தில் மூன்று விடுமுறைகள். மே மாதத்தில் நாகபுரியின் வெயிலை வயதானவர்களுக்குக் காட்டலாகாது. அரையாண்டு விடுமுறை வரும் மார்கழியிலோ கங்கைச் சமவெளியில் மூடுபனி இறங்கிவிடும். அந்தப் பனியில் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். சாலையில் முன்னே போகும் லாரியின் சிவப்பு விளக்கு அருகில் போன பிறகுதான் தெரியும். எஞ்சியது புரட்டாசியில் வரும் காலாண்டு விடுமுறை. அது நவராத்திரி சமயம். "இந்த வருஷம் கொலுவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தாயாரே சொல்லிவிட்டார். அவருடைய ஆசை எவ்வளவு ஆழமானது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

1830-ஆம் வருஷம் மே மாதம், சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி என்பவர் பெரும் பரிவாரத்துடன் பல்லக்கில் காசிக்குப் புறப்பட்டார். ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் போய், வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். பதினைந்து மாதம்! வழியில் கண்டவற்றையெல்லாம் நண்பர் ஒருவருக்குத் தெலுங்கில் கடிதங்களாக எழுதினார். அதுவே 'காசி யாத்திரை சரித்திரம்' என்ற நூலாயிற்று. விமானத்தில் போய் வருகிறவன் இப்படி ஒரு நூல் எழுத முடியுமா என்று நாம் கேட்டோம். "அப்பா, நீங்கள் நூல் எழுதவா போகிறீர்கள்? அப்பத்தா சாமி கும்பிட அல்லவா போகிறார்கள்?" என்றாள் புதல்வி. பதில் சொல்ல முடியவில்லை.

கணக்குக்கு வருவோம். மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பிச் சென்னை போய், அங்கே விமானம் மாறி, காசிக்கு வெளியே பாபத்பூரில் இறங்கி ஊருக்குள் சேரப் பதினொரு அல்லது பன்னிரண்டு மணி நேரம் ஆகும். சாலையிலோ சுமார் 2,100 கிலோமீட்டர். தாயாரை வைத்துக்கொண்டு இதற்கு ஆறு நாள் வேண்டும். செலவைப் பார்த்தால், நான்கு பேருக்கு விமானச் சீட்டு போக வர எழுபதினாயிரத்தைத் தாண்டிற்று. மோட்டாருக்குப் பெட்ரோல் மட்டும் இருபத்தெட்டாயிரம். இராத் தங்கலும் சாப்பாடும் சேர்ந்தால் அறுபதைத் தொடும். சுங்கச்சாவடிகளின் பயம் மட்டும் குறைந்திருந்தது. 2025 ஆகஸ்டு 15 முதல் சொந்த வண்டிகளுக்கு வருஷச் சீட்டு ஒன்றை 3,000 ரூபாய்க்கு அறிமுகப்படுத்தினார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளை இருநூறு தடவை அதைக் கொண்டு கடக்கலாம். ஆக, பணத்தைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்று ஏற்பட்டது.

உண்மையான விவாதம் உயிரைப் பற்றியது. அந்த ஜூன் மாதம் 12-ஆம் தேதி ஆமதாபாத்தில் விமானம் விழுந்து, அதில் இருந்த 242 பேரில் ஒருவர்தாம் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 உயிர்கள் போயின. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தது முதல் தாயார் வானத்தில் இரைச்சல் கேட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

நாம் கணக்கு வாத்தியார். சர்க்கார் வெளியிட்ட 2022-ஆம் வருஷத்துப் புள்ளிவிவரங்களை எடுத்தோம். அந்த ஒரு வருஷத்தில் நமது தேசத்துச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் மாண்டவர்கள். முந்நூற்றறுபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 167 பேர். ஆமதாபாத்தில் போன அத்தனை உயிரும் நெடுஞ்சாலைகளில் ஒன்றரை நாளில் போய்விடுகின்றன. அதை எந்தப் பத்திரிகையும் முதற் பக்கத்தில் போடுவதில்லை. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதாத குறையாகத் தாயாரிடம் விளக்கினோம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி தம்பி. ஆனால் வண்டியை ஓட்டப்போவது நீதானே?" என்றார்.

இந்தப் பதிலில் உள்ள பிழையை நாம் அறிவோம். மாண்டவர்களுடைய வண்டிகளையும் யாரோ ஒரு தாயின் புதல்வர்கள்தாம் ஓட்டினார்கள். தன் கையில் சக்கரம் இருந்தால் யமன் பயப்படுவான் என்று மனிதன் நினைப்பது பெரிய மயக்கம். இருந்தும், அம்மா நம்மை நம்பிச் சொன்ன வார்த்தையை எதிர்த்து வாதாட நாக்கு எழவில்லை.

மேலும் அவருக்கு வேறொரு காரணம் இருந்தது. அதை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் காலஞ்சென்ற நமது தகப்பனார், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அவரைக் காசிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தாராம். வழியில் காவிரி, துங்கபத்திரை, கிருஷ்ணை, கோதாவரி, நர்மதை எல்லாம் வரும், ஒவ்வொன்றிலும் கை நனைத்துவிட்டுக் கங்கைக்குப் போகலாம் என்பது அவருடைய திட்டம். "ஆகாயத்தில் போனால் காசி வந்துவிடும். அவர் சொன்ன ஆறு ஒன்றும் வராதே, தம்பி" என்றார் தாயார். விமானக் கட்சியின் தலைவி அன்றே கட்சியைக் கலைத்துவிட்டாள்.

ஆனாலும் கணக்கைக் கைவிட்டோமில்லை. சில விதிகள் செய்தோம். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டுவதில்லை. மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் இல்லை. நெடுஞ்சாலை மரணங்களுக்கு முதற் காரணம் அதிவேகந்தான். நாமும் நமது மனைவியும் இரண்டு மணிக்கு ஒருமுறை மாறி ஓட்டுவது. மாறும்போதெல்லாம் தாயாரை இறக்கிப் பத்து நிமிஷம் நடக்கவைப்பது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் நரம்பில் இரத்தம் கட்டும் அபாயம் விமானத்திலும் உண்டு, மோட்டாரிலும் உண்டு என்று டாக்டர் எச்சரித்திருந்தார். திரும்பும்போது பெண்டிர் மூவரும் விமானத்தில் வருவது. வண்டியை நாமும் மைத்துனரும் கொண்டுவருவது. நாகபுரியில் வேலை பார்க்கும் மைத்துனர் அங்கே நம்முடன் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. நாம் சேமித்து வைத்திருந்த விடுப்பையும் விடுமுறையோடு சேர்த்துக்கொண்டோம். புதல்விக்கு இரண்டு நாள் மட்டம். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பதால் அதற்கு அவள் படாத வெட்கமில்லை.

நாம் போன சாலைக்கு ஒரு வரலாறு உண்டு. 2010-இல் எண்களை மாற்றுவதற்கு முன் அது ஏழாம் எண் நெடுஞ்சாலை. காசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்தது. 2,369 கிலோமீட்டர் நீளம். 'காசி முதல் குமரி வரை' என்று மேடைகளில் பேசுகிறார்களே, அது அலங்கார வார்த்தையன்று. லாரிக்காரர்கள் நாள்தோறும் ஓட்டிய பாதை! இப்போது குமரியிலிருந்து மத்தியப் பிரதேசத்து லக்னாதோன் வரை அதற்கு நாற்பத்துநான்கு என்று பெயர். அதற்கப்பால் வேறு வேறு எண்கள்.

பரமத்தி வேலூரில் காவிரி. தாயார் கை நனைத்தார். முதல் நாள் இரவு ஓசூர். அடுத்த நாள் பாமிடி என்ற ஊரில் வட பெண்ணையைத் தாண்டினோம். அது தகப்பனாரின் பட்டியலில் இல்லை என்று தாயார் இறங்க மறுத்துவிட்டார். கர்நூலில் துங்கபத்திரை. மூன்றாம் நாள் காலை பீச்சுப்பள்ளியில் ஆஞ்சநேயர் கோயிலும் கிருஷ்ணையும். ஹைதராபாத்தை வெளிவட்டச் சாலை வழியாகச் சுற்றிக் கடந்தோம். அந்த மாநகரத்தைப் பார்க்கவில்லை என்பதில் புதல்விக்குக் குறை, அதன் போக்குவரத்தில் சிக்கவில்லை என்பதில் நமக்குத் திருப்தி.

அன்று மாலை நிர்மலுக்குச் சற்று முன்னால் கோதாவரி குறுக்கிட்டது. செம்மண் நிறத்தில் கரை நிரம்பி ஓடிய அந்த நதியைக் கண்டதும் யாருக்கும் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. படியில் இறங்க வழியில்லை. தாயார் தூரத்திலிருந்து கும்பிட்டார். "உங்கள் அப்பா சொன்னபோது இவ்வளவு பெரியது என்று சொல்லவில்லையே!" என்றார்.

அந்தப் பிராந்தியத்தில் அது பதுகம்மாப் பண்டிகைக் காலம். ஆவாரம் பூவையும் பண்ணைப் பூவையும் வேறு பல மலர்களையும் தட்டில் கோபுரம் போல் அடுக்கித் தலையில் ஏந்திப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பொது இடத்தில் அவற்றை நடுவே வைத்துக் கைகொட்டிச் சுற்றி ஆடுகிறார்கள். முடிவில் நீரில் விட்டுவிடுகிறார்கள். நமது கும்மிக்கு அக்காள் என்று சொல்லலாம். வீட்டில் கொலு வைக்காத குறை அங்கே தீர்ந்தது. தாயார் ஒரு வார்த்தை தெலுங்கு அறியாதவர். கால் மணி நேரத்தில் இரண்டு பாட்டிமார்களின் முட்டுவலி வரலாற்றை முழுவதும் தெரிந்துகொண்டு வந்தார்.

நாகபுரியில் சர்வே இலாகாவினர் நிறுவிய 'பூஜ்ய மைல்' கல்லையும் நான்கு குதிரைச் சிலைகளையும் பார்த்தோம். 1956 அக்டோபர் 14-இல் டாக்டர் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய தீக்ஷாபூமிக்கு, விஜயதசமியை முன்னிட்டு வெளியூர் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். மைத்துனர் வண்டியில் ஏறியதும் ஓட்டுநர்கள் மூவரானோம்.

நாகபுரிக்கு வடக்கே சாலை பெஞ்ச் புலிக்காட்டின் ஓரமாகப் போகிறது. இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். சாலையை அகலமாக்கினால் காடு இரண்டாக வெட்டுப்படும் என்று பல வருஷம் நியாயஸ்தலங்களில் வழக்கு நடந்தது. கடைசியில், வனவிலங்குகள் அடியில் போக ஒன்பது வழிகள் விட்டு, சாலையைத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டினார்கள். அவற்றில் மிகப் பெரியது 750 மீட்டர் நீளம். புலிகள் உட்படப் பலவகை மிருகங்கள் கீழே நடந்து போவதைக் காமிராக்கள் படம் பிடித்திருக்கின்றன. மேலே மோட்டார்கள், கீழே வேங்கைகள்! இரண்டு பக்கத்துத் தடுப்புச் சுவர் உயரமானதால் நமக்கு ஒரு முயல்கூடத் தெரியவில்லை. அதுதானே அதன் நோக்கம்! ஆனால் மூன்று நாளாக 167 என்ற எண்ணை மனத்தில் சுமந்து வந்த நமக்கு, புலிக்கு இவ்வளவு யோசித்த எஞ்சினியர்கள், வழி நெடுகச் சிற்றூர்களில் சாலையை ஓடிக் கடக்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கும் இன்னும் சில வழிகள் கட்டியிருக்கலாகாதா என்று தோன்றிற்று.

ஜபல்பூருக்கு அருகே நர்மதை. 1939-இல் திரிபுரி காங்கிரஸ் கூடியது இந்தப் பக்கத்தில்தான். கடுங் காய்ச்சலோடு சுபாஷ் சந்திர போஸ் அங்கே வந்து சேர்ந்தார் என்று நாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, தாயார் திலவாரா படித்துறையில் மெள்ள இறங்கி முழங்காலளவு நீரில் நின்றுவிட்டார். புதல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நாம் சரித்திரத்தை நிறுத்திக்கொண்டோம்.

காசியைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆகவே அதை விட்டுவிடுகிறோம். ராமேசுவரத்து மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்ததை மட்டும் குறிப்பிட வேண்டும். 1911 பிப்ரவரி 18-இல் உலகத்திலேயே முதலாவதாக அரசாங்கத் தபாலை விமானம் சுமந்து சென்றது அந்த ஊரில்தான். யமுனைக்கு அக்கரையில் நைனிவரை பறந்தது. அதைக் கேட்ட தாயார், "அப்படியானால் விமானமும் பழைய ஆசாமிதான்" என்று சொல்லிக்கொண்டார். மறுநாள் அதில் ஏற வேண்டுமே!

நமது மனைவிக்கும் கவலைதான். "அத்தை, கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று இரவெல்லாம் பாடம் நடத்தினாள். காலையில் சக்கர நாற்காலியில் தாயாரை அழைத்துச் சென்றார்கள். கங்கைச் சொம்புகள் பன்னிரண்டும் நமது வண்டியில் ஏறின. விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோ பெட்டிக்கும் ஏழு கிலோ கைப்பைக்கும்தான் அனுமதி.

நாமும் மைத்துனரும் விந்தியத்தின் மேல் ஏறி, ரீவாவைக் கடந்து, பொழுது சாயும் முன் மைஹரில் தங்கினோம். அலாவுதீன் கான் சாகேப் வாழ்ந்து, ரவிசங்கருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த ஊர். இரவு எட்டு மணிக்கு மதுரையிலிருந்து டெலிபோன் வந்தது. வீடு வந்து காப்பி போட்டுக் குடித்தாகிவிட்டது என்றாள் புதல்வி. பிறகு தாயார் பேசினார்.

"பயமாக இருந்ததா, அம்மா?"

"ஏறும்போது கொஞ்சம். அப்புறம் கண்ணைத் திறந்துதான் இருந்தேன். கீழே நர்மதை எப்போது வரும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அதற்குத் தெரியவில்லை. ஒரே மேகம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

மைஹர் என்றோம். அது எங்கே என்று கேட்டார். நர்மதைக்கு இந்தப் பக்கம், இன்னும் அதைத் தாண்டவில்லை என்றோம்.

"நாளைக்குத் தாண்டும்போது எனக்காக ஒரு தடவை கையை நனை, தம்பி. இருட்டில் ஓட்டாதே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். மதுரைக்கு இன்னும் சுமார் 1,800 கிலோமீட்டர் இருந்தது.