பணிமூப்புப் பட்டியல்

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட நமக்குக் காத்திருத்தல் புதிதன்று. அலுவலகத்தில் அவ்வப்போது பணிமூப்புப் பட்டியலைச் சுற்றுக்கு விடுவார்கள். நம் பெயருக்கு மேலே எத்தனை பெயர்கள், அவற்றுள் எவர் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்று விரல்விட்டு எண்ணுவோம். இளநிலை எழுத்தர் மேல்நிலை எழுத்தராவதற்குள் தலை நரைத்துவிடும் என்பது மெய்யே. (நமக்கும் நரைத்தது.) பதவி உயர்வு வாராவிடினும் பத்து, இருபது, முப்பது ஆண்டுகளில் ஊதிய நிலையையேனும் உயர்த்தித் தர 2008-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வந்தது. இந்த நத்தை ஓட்டத்தைக் கண்டு நகைத்தவர் பலர். நம் தம்பியும் அவர்களுள் ஒருவன்.

தம்பி எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறான். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. 2004-இல் பொறியியல் முடித்தபோது அவனுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அந்நிறுவனத்தினுடையது; மற்றொன்று மத்திய அரசுத் தேர்வில் தேறியதற்கான நியமன ஆணை. அந்த ஆண்டில்தான் இன்போசிஸ் நிறுவனத்தின் ஆண்டு வருவாய் நூறு கோடி டாலரைத் தாண்டிற்று என்று நாளேடுகள் கொண்டாடின. குடியாத்தத்திலிருந்த தகப்பனாருக்குக்கூட அச்செய்தி எட்டியிருந்தது. “நீ பட்டது போதும், அவனாவது பிழைத்துக்கொள்ளட்டும்” என்றார் நம்மிடம். அரசுப் பணியை ஏற்க இயலாமைக்கு வருந்தும் மடலை எழுதியவர் நாமே. எழுத்தருக்கு வேறென்ன தெரியும்?

ஓசூர்ச் சாலையில் அந்த இடம் எழுந்த வரலாறு பெருமைக்குரியது. கியோனிக்ஸ் என்னும் கர்நாடக அரசு நிறுவனத்தின் தலைவராயிருந்த ஆர். கே. பாலிகா கண்ட கனவு அது. 1978-இல் கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில் அது தொடங்கிற்று. 2010-இல் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ இரயிலும் வந்துவிட்டது. போய்ச் சேரும் வழிகளெல்லாம் விரைவாகிவிட்டன. உள்ளே சென்றபின் ஏறும் படிகள்தாம் நின்றுபோயின.

ஏன் நின்றன என்பதைத் தம்பியே ஒருநாள் நமக்குத் தாளில் வரைந்து காட்டினான். ஒரு கோபுரம். அடித்தளத்தில் குறைந்த ஊதியத்தில் புதிய பட்டதாரிகள் பலர். மேலே செல்லச் செல்ல ஆட்கள் குறைவர். வெளிநாட்டு வாடிக்கையாளர் பெரும்பாலும் ஆள் கணக்கில், மணிக் கணக்கில் பணம் தருகிறார். வணிகம் பெருகியவரை அடித்தளம் அகன்றுகொண்டே போயிற்று. நேற்று வந்தவனும் நாளை நால்வருக்குத் தலைவனானான். அதைத் தன் திறமை என்றே ஒவ்வொருவனும் எண்ணினான். வளர்ச்சி தளர்ந்ததும் அடித்தளம் விரியவில்லை. நடுவில் நின்றவன் மேலேயும் போக இயலாமல், வாடிக்கையாளரிடம் கணக்குக் காட்டவும் இயலாமல், செலவினமாக மட்டும் மிஞ்சினான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அவர்களுள் பெரும்பாலோர் நடுநிலை, உயர்நிலைப் பணியினர் என்றே கூறிற்று. அன்று தம்பி நம் வீட்டில் உணவருந்தவில்லை.

வளர்ச்சி தளர்வது குற்றமன்று. அதை உரைக்காமல் மறைப்பதே குற்றம் என்பது நம் கருத்து. அவனுடைய நிறுவனத்தில் பத்தாண்டுகளில் நான்கு தலைவர்கள் மாறினர். ஒவ்வொருவரும் வந்தவுடன் பிரிவுகளுக்குப் புதுப் பெயர் சூட்டினர். படிகளுக்கு இடையே மேலும் படிகளைச் செருகினர். தம்பியின் பதவிப் பெயர் மும்முறை நீண்டது, ஊதியம் நீளவில்லை. “எப்போது உயர்வு?” என்று கேட்டால் “உன் பங்களிப்பு கண்ணுக்குத் தெரியவேண்டும்” என்பதே விடை. எவர் கண்ணுக்கு என்று கேட்பதற்குள் அந்தக் கண்ணுக்குரியவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். இன்போசிஸில் 2014-இல் நிறுவனர் அல்லாத ஒருவர் முதன்முறையாகத் தலைமை ஏற்றதும், 2017-இல் பூசலுக்கிடையே அவர் விலகியதும், நந்தன் நீலேகணி திரும்பி வந்ததும் நாடறிந்த செய்திகள். அங்குள்ளோர் செய்தித்தாளிலேனும் படித்தறிந்தனர். தம்பியின் நிறுவனம் அவ்வளவு புகழ் பெற்றதன்று. அங்கு நடப்பதை அறியச் சிற்றுண்டிச் சாலையில் செவி கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

சென்ற பொங்கலுக்கு வந்தவன், உண்டு முடித்து வெகுநேரம் பேசாதிருந்து, “அண்ணா, அந்த மடலின் நகல் இருக்கிறதா?” என்றான். இருந்தது. அலுவலகப் பழக்கத்தால் எதையும் நகலின்றி அனுப்பியறியோம். நின்றபடியே இருமுறை படித்தான்.

“கையெழுத்து மட்டும்தான் என்னுடையது” என்றான்.

நாம் விடை கூறவில்லை. அரசுப் பணியில் சேர்ந்திருந்தாலும் 2004 சனவரிக்குப் பின் வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தோம். அது உண்மையாயினும், அவ்வேளையில் நம்மைக் காத்துக்கொள்ளும் சொல்லாகவே பட்டது. வீட்டுக் கடன் இன்னும் பதினோராண்டு உண்டு என்பதும், வேறிடம் தேடினால் வயதைக் கேட்கிறார்கள் என்பதும் அவன் மனைவி நம் இல்லாளிடம் கூறித்தான் நமக்குத் தெரிந்தவை.

சிறிது நேரம் கழித்து, மேசைமீதிருந்த நம் அலுவலகப் பட்டியலை எடுத்துப் பார்த்தான். நம் பெயரைத் தேடிக் கண்டு, அதற்கு மேலிருந்தவற்றை விரலால் எண்ணினான். “ஏழு பேர், அண்ணா” என்றான். அவன் குரலில் நகைப்பு இல்லை. அதற்குள் கைப்பேசி ஒலித்தது. அமெரிக்காவில் பொழுது விடிந்திருக்க வேண்டும். பட்டியலை மடிக்காமல் வைத்துவிட்டு மாடிக்குச் சென்றான்.