மலையேறிய உம்மா

பிள்ளைகளைக் கரைசேர்த்த பின் ஒரு பெண்ணுக்கு மிஞ்சுவது வீட்டு மூலை மட்டும்தானா?

உம்றாக் குழுவொன்றுக்கு வழிகாட்டியாகச் சென்றிருந்தேன். சுபஹுத் தொழுகைக்குப் பின் பஸ் எங்களை ஜபலுன் நூர் அடிவாரத்தில் இறக்கியது. "இதில் ஏறுவது உம்றாவின் கடமையல்ல, விரும்பியவர்கள் மட்டும் வாருங்கள்" என்றேன். முதலில் எழுந்தவர் அறுபதை நெருங்கிய ஒரு தாய்.

"உங்களுக்கு ஏலாது உம்மா" என்று மகன் தடுத்தார்.

"ஏலுமான மட்டும் ஏறுறேன் மகன்."

சுமார் 640 மீற்றர் உயரமான மலை. படிகள் உண்டு; ஆனால் செங்குத்து. இளைப்பாறி இளைப்பாறி, மகனின் கையைப் பற்றியே ஏறினார். கி.பி. 610இல் முதல் வஹீ இறங்கிய ஹிராக் குகையைக் கண்டதும் அழுதுவிட்டார். "இங்க தங்க வந்த நபிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த கதீஜா நாயகிக்கும் என்ட வயசுதானே ஹஸரத்?" என்று கேட்டார். பிரபலமான கருத்தின்படி அன்னைக்கு அப்போது 55 வயது.

சகோதரிகளே, தனியே போகத் தயங்கும் வயதில் குழுப் பயணம் பெரிய உதவி. வழியும் பாஷையும் தெரிந்தவர் கூட இருப்பார். ஆனால் ஆயத்தம் வேண்டும். ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு சுற்று ஸஃயு செய்வதே சுமார் மூன்று கிலோமீற்றர். அது அன்னை ஹாஜர் ஓடிய ஓட்டம். எனவே, புறப்படுமுன் சில வாரங்கள் தினமும் நடந்து பழகுங்கள்; வைத்தியரிடம் காட்டுங்கள்.

உங்கள் உம்மாவோ மாமியோ பயணம் போக ஆசைப்பட்டால், "இந்த வயசிலயா?" என்று கேட்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போங்கள். அல்லாஹ் அருள் புரிவானாக.