அண்ணன் கட்டிய ஜெட் ஸ்கியும் ஒரு சொட்டு ஹார்டனரும்

இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படிங்க. இந்த முறை சுகர், பிரஷர் பத்தி இல்ல. ஒரு வண்டி பத்தி. அந்த வண்டி உருவாகும்போது நான் செஞ்ச ஒரு தப்பு பத்தி.

என் பெரியப்பா மகன் கனடாவில், டொராண்டோ பக்கத்தில் இருக்கிறார். என்னைவிட 7 வயசு மூத்தவர். பெரியப்பா எங்க ஊர் கடற்கரையில் படகு எஞ்சின் ரிப்பேர் பட்டறை வச்சிருந்தவர். 2020ல லாக்டவுன் நேரத்தில் அவர் தவறிட்டார். விமானம் ஓடல. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த பையன், எல்லாத்தையும் வீடியோ காலில்தான் பார்த்தார்.

அடுத்த வருஷம் அண்ணன் ஒரு காரியம் பண்ணினார். எஞ்சின் செத்துப்போன ஒரு பழைய ஜெட் ஸ்கியை வாங்கி வீட்டு கராஜ்ல இறக்கினார். "டேய் தம்பி, இதை நானே கட்டப்போறேன்"ன்னு சொன்னார்.

ஜெட் ஸ்கின்னதும் பைக் மாதிரி உட்கார்ந்து போற வண்டிதான் உங்க ஞாபகத்துக்கு வரும். இது அது இல்ல. இதில் சீட்டே கிடையாது. நின்னுக்கிட்டுதான் ஓட்டணும். முன்னாடி ஒரு நீளமான கம்பம், அதன் நுனியில் ஹேண்டில். அந்தக் கம்பம் மேலும் கீழும் மடங்கும்.

சொல்லப்போனா முதலில் பிரபலமானதே இந்த நிக்கிற வகைதான். கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரோட யோசனை. கவாசாகி கம்பெனி 1973ல அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. "ஜெட் ஸ்கி" என்பதே அவங்க வச்ச வணிகப் பெயர். நாம நகல் எடுக்கிறதை ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி அது எல்லா வண்டிக்கும் பொதுப் பெயர் ஆயிடுச்சு.

அண்ணன் வாங்கினது 1996 மாடல் யமஹா சூப்பர்ஜெட். 701 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். எடை சுமார் 130 கிலோ.

ஞாயிற்றுக்கிழமை தவறாம வீடியோ கால் வரும். எஞ்சினை அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சு மேஜையில் பரப்பி வச்சிருப்பார். ஒவ்வொரு பாகத்தையும் காட்டி விளக்குவார்.

இந்த வண்டிக்கு வெளியே சுத்துற காத்தாடி கிடையாது. அடியில் ஒரு வாய். அது வழியா தண்ணியை உறிஞ்சி, உள்ளே இருக்கிற இம்பெல்லர் பின்பக்க நாசில் வழியா பீய்ச்சி அடிக்கும். அந்த வேகத்தில்தான் வண்டி முன்னாடி போகும். ஹேண்டிலைத் திருப்பினா நாசில் திரும்பும். அவ்வளவுதான் ஸ்டியரிங்.

எஞ்சினையும் இம்பெல்லர் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் சேர்க்கத்தான் ரொம்ப மெனக்கெட்டார். ஒரு முடி அளவு விலகினாலும் அதிரும், பேரிங் போயிடும். மெல்லிசு தகடுகளை எஞ்சினுக்கு அடியில் ஒண்ணொண்ணா சொருகிப் பார்ப்பார். சரியா வரலன்னா மறுபடி கழட்டுவார். பெரியப்பாவும் அப்படித்தான். நாக்கை ஓரமா கடிச்சுக்கிட்டு வேலை பார்க்கிறது உட்பட.

நான் என்ன பண்ணினேன்? "ஆமாண்ணா, சூப்பர்ண்ணா"ன்னு சொல்லிட்டு ஃபோனை சாய்ச்சு வச்சுட்டு சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன். 40 வயசு தாண்டின மனுஷனுக்கு இது தேவையாங்கிற நினைப்பு. உண்மையைச் சொல்லிடறேன், அதை நான் ஒரு விளையாட்டாத்தான் பார்த்தேன்.

ஜனவரியில் ஃபைபர் வேலைக்கு வந்தார். வண்டியோட கூட்டில் இருந்த விரிசலை எபாக்ஸி வச்சு அடைச்சார். இந்தக் கூட்டு பிளாஸ்டிக்கில் சாதாரண பாலியஸ்டர் ரெசின் சரியா ஒட்டாதாம். எஞ்சின் மேல வர்ற மூடியை மட்டும், அச்சு செஞ்சு பாலியஸ்டர் ரெசினிலேயே புதுசா வார்க்கப்போறதா சொன்னார்.

பாலியஸ்டர் ரெசின் தானா இறுகாது. ஹார்டனர் ஊத்தணும். நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு பங்குதான் கணக்கு. ஆனா குளிரில் மெதுவாத்தான் இறுகும். அங்கே வெளியில் பனி கொட்டுது. அதனால கராஜ் கதவைச் சாத்திட்டு, ஹீட்டர் போட்டு, ஹார்டனரை ஒரு இழுப்பு அதிகமா ஊத்தினார். கண்ணில் கண்ணாடி இல்ல. இதை நான் லைவ்ல பார்த்தேன்.

இங்கதான் என் தப்பு. நான் வேலை பார்க்கிறது கடலோர ஊர் அரசு மருத்துவமனை. சுனாமிக்கு அப்புறம் எங்க கடற்கரை முழுக்க ஃபைபர் படகுதான். அதே ரெசின், அதே ஹார்டனர். படகுப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையன் கண்ணில் ஹார்டனர் தெறிச்சு, நல்லெண்ணெய் விட்டுக்கிட்டு மறுநாள் சாயங்காலம் ஓ.பி.க்கு வந்தான். கருவிழி வெண்மையா மங்கிப் போயிருந்தது. மேல் சிகிச்சைக்கு அனுப்பினேன். அந்தக் கண்ணில் பார்வை முழுசா திரும்பல.

அந்தப் பையனைப் பார்த்தவன் நான். அண்ணன் வெறும் கண்ணோட ஹார்டனர் ஊத்துறதைப் பார்த்தவனும் நான்தான். ஒரு வார்த்தை சொல்லல. பட்டறையில் நடந்தா "தொழில் விபத்து", வீட்டு கராஜில் நடக்கிறது "பொழுதுபோக்கு"ன்னு என் மூளை தனித்தனியா பிரிச்சு வச்சிருந்தது போல.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஏழரை மணி. நைட் டூட்டி முடிஞ்சு ஹேண்ட் ஓவர் குடுத்துக்கிட்டு இருந்தேன். வீடியோ கால். அங்கே முந்தின ராத்திரி ஒன்பது. அண்ணி அழுதுக்கிட்டே பேசினாங்க. "தம்பி, உங்க அண்ணன் கண்ணில் ஏதோ தெறிச்சுடுச்சு. எரியுதுங்கிறார். என்ன மருந்து விடலாம்?"

பின்னாடி அண்ணன் ஒரு துணியால் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறார்.

"மருந்தெல்லாம் வேணாம் அண்ணி. முதல்ல குழாய். இப்பவே. கண்ணைத் தேய்க்க விடாதீங்க. இமையை விரலால் பிரிச்சுப் பிடிச்சு தண்ணியைக் காட்டுங்க. வெதுவெதுப்பா இருக்கட்டும், சூடு வேணாம். நான் லைன்லயே இருக்கேன்."

சமையலறை சிங்க்கில் தலையைச் சாய்ச்சு வச்சு, அண்ணி இமையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு நிமிஷத்தில் அண்ணன் "போதும்டா, இப்ப பரவாயில்ல"ன்னு தலையை எடுத்தார். வாழ்க்கையில் முதல் முறையா அவரை அதட்டினேன். "வாயை மூடிட்டு தலையைக் கீழ வைண்ணா!" கடிகாரத்தைப் பார்த்து முழுசா 30 நிமிஷம். அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப விட்டேன். ஹார்டனர் பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போகச் சொன்னேன்.

அந்த 30 நிமிஷமும் எனக்கு அந்தப் பையன் முகம்தான் வந்துக்கிட்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் கழுவினாங்க. கருவிழியில் புண் இருந்தது, ஆனா ஆழமா இல்ல. மூணு வாரம் மங்கலாத் தெரிஞ்சது. அப்புறம் தெளிஞ்சது. கண் டாக்டர் தொடர்ந்து வரச் சொல்லியிருக்கார். ஏன்னா இந்தக் காயம் ஆறின மாதிரி இருந்துட்டு, சிலருக்கு வருஷம் கழிச்சும் திரும்பத் தொந்தரவு கொடுக்கும்.

நான் கண் மருத்துவர் இல்ல, எம்பிபிஎஸ் தான். ஆனா இதைச் சொல்ல எம்பிபிஎஸ் போதும். ஃபைபர் வேலை செய்றவங்க, வீட்டில் செய்றவங்க குறிச்சுக்கோங்க:

1. ஹார்டனர் பார்க்கத் தண்ணி மாதிரி இருக்கும். கண்ணுக்கு அமிலம் மாதிரி. பாட்டிலைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கண்ணாடி போடுங்க. பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டிலும் மூடுற கண்ணாடி வேணும்.

2. தெறிச்சா அந்த நொடியே தண்ணி. 20, 30 நிமிஷம். தாய்ப்பால், நல்லெண்ணெய், பன்னீர் எதுவும் வேணாம். டாக்டருக்கு ஃபோன் பண்றது அப்புறம். ஆமா, எனக்கு ஃபோன் பண்றதும் அப்புறம்தான்.

3. நம்ம ஊரில் கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியா வரும். அதையும் ஹார்டனரையும் நேரடியாக் கலந்துடாதீங்க. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதல்ல ஒண்ணை ரெசினில் நல்லாக் கலக்கணும். அப்புறம்தான் இன்னொண்ணு.

4. கதவைச் சாத்திட்டு வேலை செய்யாதீங்க. ரெசின் புகை தலையைச் சுத்தும், தீயும் பிடிக்கும். மூடின இடத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தா கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனையே கிடையாது.

சரி, வண்டி என்னாச்சுன்னு கேப்பீங்க.

ஜூன் மாசம் சிம்கோ ஏரியில் இறக்கினார். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்த பெட்ரோல். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து உள்ளே தங்கின பெட்ரோல் ஆவியை வெளியேத்தினார். லைஃப் ஜாக்கெட், வெட்சூட். வெட்சூட் குளிருக்கு மட்டும் இல்ல. பின்னாடி விழுந்தா நாசில் பீய்ச்சுற தண்ணி உடம்புத் துவாரங்கள் வழியா உள்ளே போய் குடலையே கிழிக்கலாம். மணிக்கட்டில் ஒரு கயிறு. விழுந்தா அது பிடுங்கிக்கிட்டு எஞ்சின் அணைஞ்சுடும்.

முதல் நாள் 11 முறை விழுந்தார். அண்ணிதான் எண்ணினாங்க. 12வது முறை எழுந்து நின்னார். முழங்கால் நடுங்க நேரா போனார். கரைக்கிட்ட வரும்போது பயந்து ஆக்சிலேட்டரை விட்டுட்டு ஹேண்டிலைத் திருப்பினார். வண்டி திரும்பல. தண்ணி பீய்ச்சினாத்தானே ஸ்டியரிங்! நல்லவேளை எதிரில் யாரும் இல்ல. நீங்க எங்கயாவது டூர் போய் ஜெட் ஸ்கி ஓட்டினாலும் இதை மட்டும் மறக்காதீங்க.

அன்னிக்கு ராத்திரி அண்ணன் பேசினார். "அப்பா இருந்தா சத்தத்தை வச்சே கார்புரேட்டர்ல குறை சொல்லியிருப்பார்டா." அந்த முறை நான் ஃபோனை சாய்ச்சு வைக்கல.

அடுத்த வாரம் எங்க ஊர் படகுப் பட்டறைக்குப் போய் பாதுகாப்புக் கண்ணாடி ஆறு வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன். போன மாசம் போய்ப் பார்த்தேன். ரெண்டு பேர் போட்டிருந்தாங்க. மத்தவங்க "வேர்க்குது சார்"ன்னாங்க. திரும்பவும் போவேன்.

உங்க வீட்லயும் யாராவது கொட்டகையில், மொட்டை மாடியில் எதையாவது கட்டிக்கிட்டு இருப்பாங்க. கேலி பண்ணாதீங்க. பக்கத்தில் போய் நின்னு பாருங்க. கண்ணாடி போட்டிருக்காங்களான்னும் பாருங்க.